பத்தாவது வான்கோழி

இல்லன்னா இல்ல பாய். எத்தினி தடவ கேட்டாலும் அதே பதில்தான். அந்தப் பெரிய வான்கோழி இல்ல. செத்துப் போவல. நாய் தூக்கல. சபைக்குப் போயிடுச்சு. ஆமா, சபைக்கு. ஜெபம் பண்றாங்களே, அந்த சபைக்கு. சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

உக்காரு. அந்த ஸ்டூல்ல வேணாம், கால் ஆடும். நாற்காலிய இழுத்துக்க.

நீ அட்வான்ஸ் குடுத்திருக்க, தெரியும். மதாம் ஏலிஸ் வூட்டு நோயல் சமையல், கிறிஸ்மஸ் விருந்து, உன் பொறுப்பு, அதுவும் தெரியும். புள்ள பாரிசுலேர்ந்து வருது, இருபது பேரு சாப்பாடு, மேசைக்கு நடுவுல பன்னண்டு கிலோ வான்கோழி முழுசா வறுத்து உக்காந்திருக்கணும். இன்னிக்கி ஞாயிறு. செவ்வாக்கெழம நோயல். எல்லாம் தெரியும் பாய். முல்லா வீதியில உங்கப்பா அடுப்பு மூட்டின நாள்லேர்ந்து உங்க வூட்டுக்குக் கோழி குடுக்கறவன் நான். மிக்காயேல் சொன்ன சொல்லு மாறினதுண்டா? இல்ல. இந்த வருசம் மாறிப்போச்சு. எம் மேல தப்பில்ல.

என்னா கோழி அது! கொமாந்தான்னு பேரு வெச்சேன். அல்ஜீரியாவுல எங்க பட்டாளத்துக்கு ஒரு கொமாந்தான் இருந்தாரு, பெரிய அதிகாரி. அதே நடை. நெஞ்ச நிமுத்திக்கிட்டு, கழுத்துல செவப்பா தொங்க வுட்டுக்கிட்டு, நாள் முச்சூடும் சுத்தி வருவாரு. ஒரு வேலையும் செய்ய மாட்டாரு. ஒரு தடவ அவரு...

சரி, சரி. விஷயத்துக்கு வரேன். அவசரப்படுத்தாத.

எல்லாம் சிமோனால. எம் பொண்டாட்டி. ஞானஸ்நானம், புதுநன்ம, கல்யாணம் எல்லாம் பெரிய கோயில்ல. நாப்பத்தி மூணு வருசம் என்னோட பூசைக்கு வந்தவ. நான் நோயலுக்கும் ஈஸ்டருக்கும் போவேன், அவ எல்லா ஞாயிறும் போவா. தட்டு வரும், அஞ்சு ரூபா போடுவா, தட்டு போயிடும். சாமியாரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. அவருக்கு அவரு வேல, நமக்கு நம்ம வேல. நல்லாத்தானே இருந்துது?

சுனாமிக்கு அப்புறம் வந்தாரு பாஸ்டர். பேரு கொளஞ்சி. விருத்தாசலம் பக்கம். இப்ப கொளஞ்சி சாமுவேல். பிள்ளைச்சாவடியில மீன்காரங்களுக்குச் சோறாக்கிப் போட்டாரு, அப்புறம் நம்ம முத்தியால்பேட்டையில ரெண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டாய் போட்டாரு. சிமோன் மூட்டு வலின்னு போனா. ஜெபம் பண்ணாங்க. வலி போயிடுச்சுங்கறா. போனது நான் வாங்கியாந்த தைலத்தால. சொன்னா ஒத்துக்க மாட்டா.

அதுலேர்ந்து அங்கதான். போவட்டும், எனக்கென்னா? ஆனா ஒரு நாள் சாப்பாட்டுல உக்காந்திருக்கேன், மத்தி மீன் கொழம்பு, முள்ளு எடுத்துக்கிட்டிருக்கேன், அப்ப சொல்றா, ‘நாம தசமபாகம் குடுக்கணும்’னு. பத்துல ஒண்ணு பாய். எதுல? எம் பென்சன்ல! பிரெஞ்சுக்காரன் எனக்குச் சும்மா குடுக்கறானா? தொடையில குண்டு வாங்கிட்டு வாங்கற பென்சன் அது. காட்டட்டுமா? வேணாமா? சரி.

குடுக்கலன்னா ஆண்டவர் வூட்டுல திருடின மாதிரியாம். பாஸ்டர் பிரசங்கத்துல சொன்னாராம். யாரப் பாத்துத் திருடன்னு சொல்றாரு! ஒரு பட்டாளத்து சொல்தாவப் பாத்து! பட்டாளத்துல ஒரு கரண்டி எடுத்ததில்ல நான். ஒரே ஒரு பித்தளத் தட்டு எடுத்தேன். அது யாருமே இல்லாத வூடு.

உங்காளுங்க ஜகாத்துன்னு எவ்வளவு கேக்கறாங்க? நாப்பதுல ஒண்ணா? பாரு! நாப்பது எங்க, பத்து எங்க! நான் அந்தப் பக்கம் பொறந்திருக்கணும். கோழிக்கு எப்படி? அதுக்குக் கெடயாதா, ஆடு மாடு ஒட்டகத்துக்குத்தானா? வியாபாரத்துக்கு வளத்தா மதிப்புல போடணுமா? சரி வுடு, அது வேற தலவலி.

நானா வுடறவன்? வேதபுஸ்தகத்த எடுத்தேன். எழுபத்தி நாலு வயசுல மொதல் தடவையா எடுத்தேன், பூதக்கண்ணாடி வெச்சிக்கிட்டு. மூணு வாரம். சிமோனுக்கு ஒரே சந்தோசம், நான் மனந்திரும்பிட்டேன்னு அக்கம்பக்கத்துலலாம் சொல்லிட்டா. நான் ஓட்டை தேடிக்கிட்டிருக்கேன், அவளுக்குத் தெரியல.

கெடச்சுது பாய். ஒண்ணா ரெண்டா!

ஆபிரகாம் பத்துல ஒண்ணு குடுத்தாருங்கறாங்களே, எதுல குடுத்தாரு? சண்டையில புடிச்ச பொருள்ல. ஒரே ஒரு தடவ. மாசா மாசம் சம்பளத்துலயா குடுத்தாரு? நான் சிமோன் கிட்ட சொன்னேன், அப்ப அந்தப் பித்தளத் தட்ட எடு, ரம்பத்தால பத்துல ஒண்ணு வெட்டித் தரேன், பாஸ்டருக்குக் குடுன்னு.

மோசே சட்டத்துல எதுக்கு வெச்சாங்க? லேவி வம்சத்துக்கு நெலம் கெடயாது, அதனால மத்தவன் சோறு போடணும்னு. நம்ம பாஸ்டருக்கு சேதராப்பட்டுல மனை இருக்குது. இருக்குதா இல்லியா? சரி, மாமனாரு குடுத்தது. கருவேல முள்ளுதான் மொளச்சிருக்குது. இருந்தாலும் நெலம் நெலந்தானே?

இன்னொரு எடத்துல போட்டிருக்குது பாய், கேளு. ஊரு தூரமா இருந்தா அந்தப் பத்துல ஒண்ண வித்துக் காசாக்கி, ஆண்டவர் சந்நிதிக்குப் போயி, ஒம் மனசுக்குப் புடிச்சத வாங்கிச் சாப்புடு, ஆடு மாடு, திராட்சரசம், மதுபானம், எது வேணுமோ வாங்கி வூட்டோட சந்தோசமா இருன்னு. மதுபானம்! நான் சொல்லல, வேதத்துல இருக்குது. புதுச்சேரிக்காரனுக்குன்னே எழுதி வெச்சிருக்குது! இந்த ஊருல அறுவது வருசமா நான் தசமபாகம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்கே தெரியாம. உனக்கு அது ஆகாது, தெரியும். மன்னிச்சுக்க.

சிமோன் கிட்ட காட்டினா அடுத்த வரியப் படிங்கறா. லேவிக்காரன கைவுடாதன்னு போட்டிருக்குதாம். ஆண்டவரே புதினாவுக்கும் சீரகத்துக்கும் பத்துல ஒண்ணு எண்றவங்கள வெச்சு வாங்கியிருக்காருடின்னு காட்டினா, அதுக்கும் கீழ ஒரு வரி காட்றா. அதையும் வுடக்கூடாதாம். இவளுக்கு எல்லாத்துக்கும் கீழ ஒரு வரி இருக்குது.

கடைசில பவுல் சொன்னத எடுத்தேன். மனசு வந்து குடு, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டுக் குடுக்காத. முடிஞ்சுதா? எனக்கு மனசு வரல. எம் மூஞ்சி எப்பவும் இப்படித்தான் இருக்குது. அப்ப நான் குடுக்கவே கூடாது. வேற என்னா அர்த்தம்? நீயே சொல்லு.

அதோட வுட்டிருக்கலாம். வுடல.

போன ஞாயித்துக்கெழம சபைக்கே போயிட்டேன். பழைய கோட்டு போட்டுக்கிட்டு, மெடல் குத்திக்கிட்டு. கொட்டாய்ல நூறு பேரு. பாஸ்டர் தசமபாகம்னு வாயெடுத்தாரு, நான் எந்திரிச்சேன். ‘ஒரு கேள்வி’ன்னேன். எல்லாம் திரும்பிப் பாக்குது. சிமோன் முக்காட்ட இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா.

சொன்னேன், ‘வேதத்துல எங்கயாவது சம்பளத்துல பத்துல ஒண்ணு, பென்சன்ல பத்துல ஒண்ணுன்னு இருக்குதா? தானியம், எண்ணெய், ரசம், கால்நடை. அவ்வளவுதான். கால்நடைக்கு மொற இருக்குது. கோலுக்குக் கீழ ஒண்ணொண்ணா போவணும், பத்தாவது எதுவோ அது ஆண்டவருக்கு’ன்னு. பொஸ்தகத்தப் பிரிச்சு சத்தமா படிச்சேன். எட்டூருக்குக் கேக்கற மாதிரி. நல்லதா நோஞ்சானான்னு பாக்கக் கூடாது. மாத்தக் கூடாது. மாத்தினா அதுவும் போச்சு, மாத்தினதும் போச்சு, ரெண்டும் ஆண்டவருக்கு. அந்தக் கடைசி வரியையும் நானேதான் படிச்சேன் பாய். உத்தரவுன்னா முழுசா படிக்கணும். பட்டாளத்துப் பழக்கம்.

படிச்சுட்டு, ‘எங்கிட்ட வான்கோழி இருக்குது. சனிக்கெழம வாங்க. சட்டப்படி எண்ணித் தரேன். பென்சன் பக்கம் யாரும் வரக்கூடாது’ன்னுட்டு உக்காந்தேன். சனமெல்லாம் அல்லேலூயாங்குது. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

கணக்கு எனக்குத் தெரியாதா? இருபது வான்கோழி இருந்துது. இருபதுன்னா ரெண்டு போவும். பத்தொம்பதுன்னா? ஒண்ணுதான்! மிச்சம் ஒம்பதுக்கு வரி கெடயாது. அதனால வெள்ளிக்கெழம ஒண்ண அறுத்துக் கொழம்பு வெச்சுட்டேன். என்னா திடீர்னு கறின்னு சிமோன் கேட்டா. ஆசையா இருந்துதுன்னேன். ரெண்டு தொடையும் அவதான் தின்னா.

நேத்து காலையில பாஸ்டர் வந்தாரு, விசுவாசிங்க நாலு பேரு. கொட்டில் வாசல்ல கோல நீட்டிக்கிட்டு நான் நிக்கறேன். பத்தாவதா நொண்டி வரணும். ஒரு கால் இழுக்கும், நாலு கிலோ தேறாது, ஆண்டவருக்குப் போதும். அத்த உள்ள, கால் எட்டற மூலையில கூடையப் போட்டு மூடி வெச்சிருந்தேன். ஒம்பது வெளிய போனதும் கால்ல ஒரு தட்டு தட்டினா கூடை கவுந்துக்கும், வந்துடும். பக்காவா போட்ட திட்டம். ஒண்ணு... ரெண்டு... எல்லாரும் எண்றாங்க. ஒம்பது. தட்டினேன். கூடை கவுந்துது. அந்தச் சத்தத்துக்கு மெரண்டுக்கிட்டு ஓடியாந்தது யாருங்கற? கொமாந்தான்! நெஞ்ச நிமுத்திக்கிட்டு, ரெக்கைய விரிச்சுக்கிட்டு, கோலுக்குக் கீழ!

ஒன் நெனப்புதான் வந்துது பாய். சத்தியமா. மதாம் ஏலிஸ் நெனப்பும் வந்துது.

டப்புன்னு கால் முட்டியால அத்த உள்ள தள்ளினேன். நொண்டியக் கழுத்தப் புடிச்சு வெளிய வுட்டேன். ‘பத்து!’ன்னு கத்தினேன். கண்ண மூடித் தொறக்கற நேரம். பாஸ்டர் பாக்கல, அவரு வானத்தப் பாத்து ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டிருந்தாரு. மத்ததுங்களும் பாக்கல.

சிமோன் பாத்துட்டா.

‘மாத்திட்டாரு’ன்னா. அவ்வளவுதான். இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கறா. போன வாரம் நான் படிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது. நூறு பேருக்கு முன்னாடி தொண்டத் தண்ணி வத்தப் படிச்சேனே! மாத்தினா ரெண்டும் போச்சு.

போச்சு. ரெண்டும் போச்சு. வெள்ளிக்கெழம கொழம்பானதையும் சேத்தா மூணு. பத்தொம்பதுக்கு ஒண்ணு குடுக்கப் பாத்தவன் இருபதுக்கு மூணு குடுத்தேன். சிரிக்காத பாய். ஒன் தாடி ஆடுது, தெரியுது.

எங்க எந்திரிக்கற? மத்த கோழி கேக்காத, எல்லாத்தையும் நேத்து சாயங்காலமே புக் பண்ணவங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வூட்டுக்குன்னு ஒண்ணு கெடக்குது, அவ்வளவுதான்.

என்னா? பாஸ்டர் கிட்டயா? போயி வெலைக்குக் கேக்கப் போறியா? வேணாம். வேணாங்கறேன்ல! அவரு தர மாட்டாரு. ஆண்டவருக்குக் குடுத்தத எப்படித் தருவாரு? இப்ப தூங்குவாரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் பாஸ்டருங்க தூங்குவாங்க. வண்டி சாவிய வை. மஜீத்து, சொன்னா கேளு. உக்காரு.

... ...

அங்க இல்ல.

கொமாந்தான் அங்க இல்ல பாய். இங்கதான் இருக்குது. குளிக்கற ரூம்புல. கத்தாத, மெதுவா பேசு. நீ கத்தினா அதுவும் கத்தும்.

நான் தூக்கியாந்துட்டேன். இன்னிக்கிதான், காலையில. ஆராதன நடக்கும்போது.

பின்ன என்னா பண்ணச் சொல்ற? கொட்டாய்க்குப் பின்னால முருங்க மரத்துல கட்டிப் போட்டிருந்தாங்க. எல்லாரும் உள்ள கண்ண மூடிக்கிட்டு, கையத் தூக்கிக்கிட்டு. கோணி எடுத்துட்டுப் போனேன். ஆனா ஒண்ணு பாய், வான்கோழிக்கு ஒரு கொணம் உண்டு, பெரிய சத்தம் கேட்டா பதிலுக்குக் களகளன்னு கத்தும். உள்ள பாஸ்டர் அல்லேலூயாங்கறாரு, இது களகளங்குது. சனம் ஆமெங்குது, இது களகளங்குது. நூறு விசுவாசியில ஒருத்தனும் இவ்வளவு பக்தியா பதில் சொல்லல! கோணிக்குள்ள போட்டப்புறமும் நிறுத்தல. ரெண்டு தெரு தூக்கிட்டு வரேன், கோணி ஸ்தோத்திரம் பண்ணிக்கிட்டே வருது. எதிர்ல வந்த பக்கிரி, எலெக்ட்ரீசியன் பக்கிரி, ‘என்னா சொல்தா, ரேடியோவா?’ன்னான். ஆமான்னேன்.

சிமோனுக்குத் தெரியாது. சபை முடிஞ்சு வூட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டு, அப்படியே தவளக்குப்பத்துல தங்கச்சி வூட்டுக்குக் கேக்கு போடப் போயிட்டா. என்னா சொன்னா தெரியுமா? கோழியக் காணும், யாரோ எடுத்துட்டாங்க, பாஸ்டர் கொஞ்சங்கூடக் கோவப்படலியாம். யாரோ இல்லாதவங்க எடுத்திருப்பாங்க, அவங்க வூட்ல நோயலுக்கு நல்லா சாப்புடட்டும், ஆண்டவர் அவங்கள ஆசீர்வதிக்கட்டும்னு எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணாங்களாம். எனக்காக! நூறு பேரு! ‘நீயும் ஆமென் சொல்லு’ன்னா. சொன்னேன். என்னா பண்றது?

அப்படிப் பாக்காத. போலீஸ்காரன் மாதிரி பாக்காத.

பாஸ்டர் எதுக்கு ரெண்டையும் எடுத்துட்டுப் போனாருன்னா கேக்கற? அவரா எடுத்துட்டுப் போவல பாய். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னாரு, ‘ஐயா, அந்தச் சட்டம் ஆடு மாட்டுக்குத்தான், கோழிக்குக் கெடயாது. நம்ம காலத்துக்கு அந்த எண்ணிக்கையும் கெடயாது. நான் பத்துல ஒண்ணுங்கறது ஒரு பழக்கத்துக்கு. மனசிருந்தா ஒரு முட்ட குடுங்க போதும். ரெண்டையும் வெச்சுக்கங்க’ன்னு. நான் மூணு வாரமா பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினத அவரே சொல்றாரு, வாசல்ல நின்னுக்கிட்டு, சர்வசாதாரணமா! எனக்கு எப்படி இருக்கும்? ‘நான் பிச்ச வாங்கறவன் இல்ல. மாத்தினேன், மாட்டிக்கிட்டேன், ரெண்டையும் எடுத்துட்டுப் போ’ன்னு நான்தான் கத்தினேன். அவரு தயங்கினாரு. நானே கயிறு கட்டிக் கையில குடுத்தேன். சல்யூட் வேற அடிச்சேன்.

ராத்திரி தூக்கம் வரல. ரோஷம் எறங்கிடுச்சு, கோழி ஞாபகம் வந்துடுச்சு.

சரி, நடந்தது நடந்துபோச்சு. கோழி இருக்குது, நீ இருக்க, வண்டி இருக்குது. கோணியோட எடுத்துட்டுப் போ. மதாம் ஏலிசுக்கும் சந்தோசம், எனக்கும் சொன்ன சொல்லு காப்பாத்தின மாதிரி. யாருக்கும் தெரியப் போறதில்ல.

என்னா தலையாட்ற? ஆகாதா? எது ஆகாது? அறுக்க மாட்டியா? சாமிக்குன்னு குடுத்துட்டுத் திருடினத உன் கத்தி தொடாதா? எங்க சாமிக்குத்தானே குடுத்தேன், உனக்கென்னாய்யா! ...எல்லாம் ஒண்ணுதானா. இப்பத்தான் எல்லாம் ஒண்ணாவும் உங்களுக்கு. வெலையில பாதி குடு. சரி, வெலையே வேணாம். சும்மா எடுத்துட்டுப் போ. அதுக்கும் மாட்டியா? என்னாய்யா இது, புதுச்சேரியில ஒரு வான்கோழிய விக்கவும் முடியல, குடுக்கவும் முடியல!

சரி, அந்த எங்க வூட்டுக் கோழியாவது எடுத்துக்க. கொட்டில்ல கெடக்குது. எட்டு கிலோ. சுத்தமான கோழி, யாருக்கும் நேந்துக்கல, எந்தக் கோலுக்குக் கீழயும் பத்தாவதா போவல. நாலாவதா போச்சு, நான் பாத்தேன். சுத்தி உருளக்கெழங்க அடுக்கி வெச்சா மதாமுக்குப் பெருசாத்தான் தெரியும், அவங்க கண்ணாடி போட மாட்டாங்க. நாங்களா? நாங்க மத்தி மீன் திங்கறோம். நோயலுக்கு மத்தி மீன் தின்னக்கூடாதுன்னு எங்கயும் போடல. போட்டிருந்தா சிமோன் காட்டுவா.

அப்புறம் ஒரு விஷயம். பாஸ்டர வழியில பாத்தியானா ஒண்ணும் சொல்லிக்காத. அவரு ஒம் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுடுவாரு, ஒனக்கு எதையும் மறைக்கத் தெரியாது, உங்கப்பாவும் அப்படித்தான், ஒரு தடவ கசாப்புக் கடைத் தராசு விஷயத்துல... பாய்? பாய்! யோவ் மஜீத்து!

போயிட்டான். கோழியத் தூக்கிக்கிட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். நல்ல மனுசன். பேசத்தான் வுட மாட்டான்.

... ...

என்னாடா? என்னா பாக்குற? அந்த வாளி மேலேர்ந்து எறங்கு மொதல்ல. சோப்பு டப்பாவ எங்கடா தள்ளின? கொமாந்தானாம், கொமாந்தான். வெளிய வா. கோணி கெடயாது. காலையில தூக்கினதுக்கே இடுப்பு போச்சு, நடந்துதான் வரணும். பாக்கறவன் பாக்கட்டும். பக்கிரி கேட்டா ரேடியோவுக்குக் கால் மொளச்சிடுச்சுங்கறேன்.

சத்தம் போடாத. கேட்டுக்க. அங்க போனதும் நான்தான் பேசுவேன். சாயங்கால ஆராதனைக்குச் சனம் வந்திருக்கும், எல்லார் முன்னாடியும் எடுத்தவன் நான்தான்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் ஒண்ணே ஒண்ணு பாஸ்டர் கிட்ட தெளிவா சொல்லிடுவேன். இது பத்துல ஒண்ணு இல்ல. இருபதுல மூணும் இல்ல. சட்டமும் இல்ல, கட்டாயமும் இல்ல. நானா குடுக்கறேன், எனக்குத் தோணுச்சு, குடுக்கறேன். அவரு மட்டும் அத்த தசமபாகம்னு ஒரு வார்த்த சொன்னாரு... ஒன்ன அப்பவே திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன்.

நட.